கீமோவுக்கு முன் சினைமுட்டை எடுத்துவைக்க: கோட்டுச்சேரியிலிருந்து பாண்டிக்கு இருமுறை

போனவர்கள் மூன்று பேர்: நான், என் மருமகள் ரெஜினா, அவளுடைய அம்மா அந்தோணியம்மாள். சம்பந்தியின் வீடு தருமபுரம். என் மகன் குவைத்தில் இருக்கிறான்; விடுப்பு கிடைக்கவில்லை.

ரெஜினாவுக்கு வயது இருபத்தொன்பது. கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் மார்பில் கட்டி, அறுவை முடிந்தது. கீமோவுக்கு நாள் குறித்தபோது, கட்டு மாற்றிய நர்ஸ்தான், "பிள்ளை பெத்துக்கிற யோசனை இருக்கா? இருந்தா இப்பவே டாக்டர்ட்ட கேளுங்க" என்றார். கீமோ மருந்து சினைமுட்டைகளையும் பாதிக்கலாமாம். முன்கூட்டியே எடுத்து உறையவைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் புதுச்சேரிக்குக் கடிதம் கொடுத்தார். கையில் இருந்தது பதினேழு நாள்.

முதல் பயணம் திங்கட்கிழமை. பாண்டி பஸ் கோட்டுச்சேரி வழியாகத்தான் போகும், ஆனால் இங்கே ஏறினால் நிற்க வேண்டியதுதான். அதனால் ஆட்டோ பிடித்துக் காரைக்கால் நிலையத்துக்கே போய் ஏறினோம். காலை 5.10க்குப் புறப்பட்டு, சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாக ஒன்பது மணிக்குப் பாண்டி. ஏறத்தாழ 130 கிலோமீட்டர், டிக்கெட் 145 ரூபாய். சீர்காழி வரை ஜெபமாலை சொன்னேன். முதல் பத்து ஜெபம் முடியுமுன்பே சம்பந்தி தூங்கிவிட்டார்.

மருத்துவமனையில் ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு ஸ்கேன். சினைப்பையில் எவ்வளவு இருப்பு என்று இரண்டையும் வைத்துச் சொல்கிறார்கள். ரத்தத்துக்கு வெறும் வயிறு தேவையில்லையாம். நாங்கள் அவளைப் பட்டினியாகக் கூட்டிப்போயிருந்தோம். மாதவிலக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், அன்றே ஊசியைத் தொடங்கலாம் என்றார் டாக்டரம்மா. பிறகு கேட்டார்: "முட்டையாவே வைக்கலாம். கணவர் வந்தா கருவாக்கியும் வைக்கலாம். எது?"

உடம்புக்கு வெளியே கருவாக்குவதைத் திருச்சபை ஏற்பதில்லை என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி இங்கே விவாதம் வேண்டாம். எனக்கும் மனம் அலைந்தது. "சாமியார்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு..." என்று இழுத்தேன்.

"முட்டை போதும் டாக்டர்," என்றாள் ரெஜினா. "என் பேர்லயே இருக்கட்டும்."

அவள் கணவனைப் பெற்றவளாக எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் வலியும் அவளுக்கு, உடம்பும் அவளுடையது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

முதல் ஊசியை அங்கேயே போட்டார்கள். மீதிப் பத்து நாளுக்கானதைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்துக் கொடுத்தார்கள். திரும்பும் பஸ்ஸில் அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே கண்டக்டர் படியில் மறித்தார்.

"மீன் பெட்டியெல்லாம் ஏத்தாதீங்கம்மா. தண்ணி ஒழுகும், எல்லாரும் என்னத்தான் திட்டுவாங்க."

சம்பந்தி விடவில்லை. "ஏந்தம்பி, காரைக்கால்காரி மீன் வாங்க பாண்டிக்கா வருவா?"

முன்சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். "அப்ப உள்ள என்னதான் இருக்கு?" என்றார் கண்டக்டர்.

சர்க்கரை ஊசி என்று சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன். அதற்குள் ரெஜினாவே சொன்னாள்: "எனக்குக் கேன்சருங்க. கீமோ ஆரம்பிச்சா புள்ள பொறக்கறது கஷ்டமாயிடலாம். அதுக்கு முன்னாடி முட்டைய எடுத்து வைக்கணும். அதுக்கான ஊசிங்க."

அவர் படியிலிருந்து விலகி வழிவிட்டார். பிறகு, "இஞ்சின் பக்கம் வேணாம், சூடு. நாலாவது சீட்டுக்குப் போங்க" என்றார். சிதம்பரத்தில் வண்டி நின்றபோது ஜன்னலில் தட்டி, "ஐஸ் இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பத்து நாளும் எங்கள் தெரு நர்ஸ் மாலை ஏழு மணிக்கு வந்து ஊசி போட்டார். இடையில் இரண்டு ஸ்கேன் காரைக்காலிலேயே எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினோம். அடுத்த வாரச் சனிக்கிழமை வாடகைக் காரில் இரண்டாவது பயணம். போய்வர 5,500 ரூபாய். மயக்கம் கொடுத்து எடுப்பதால் பஸ் சரிப்படாது. அரை மணி நேரத்தில் முடிந்தது. ஒன்பது முட்டை கிடைத்தது, உறையவைக்கும் பக்குவத்தில் இருந்தவை ஆறு. மதியம் மூன்று மணிக்குக் கிளம்பலாம் என்றார்கள்.

போகப்போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கீமோவுக்கு நாள் குறிக்கும்போதே இதைக் கேளுங்கள், யாராவது சொல்வார்கள் என்று இருக்காதீர்கள். ஆண்களுக்கும் இப்படி எடுத்துவைக்க வழி உண்டு, அது இன்னும் சுலபம். ஊசியை ஐஸின் மேலேயே வைக்கக்கூடாது, உறைந்தால் வீண். நடுவில் துண்டு மடித்துப் போடுங்கள். எங்களுக்கு ஊசி மருந்துக்கு 78,000, எடுத்து உறையவைக்க 80,000. இனி அங்கே பாதுகாத்து வைக்க வருடத்துக்கு 20,000. எடுத்த பிறகு இரண்டு நாள் வயிறு உப்பியிருந்தது. மூச்சு வாங்கினாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே கூப்பிடச் சொன்னார்கள். எங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை.

திரும்பும்போது சம்பந்தி முன்சீட்டில் தூங்கிவிட்டார். சீர்காழி தாண்டியிருப்போம். ரெஜினா என் தோளில் சாய்ந்திருந்தாள்.

"அத்தை, இப்படி எடுத்து வச்சு, கீமோவும் முடிச்சு, அப்புறம் புள்ள பெத்தவங்க யாரையாவது ஒங்களுக்குத் தெரியுமா?"

"டாக்டரம்மா சொன்னாங்கள்ல, நெறைய பேரு இருக்காங்கன்னு."

"நெறைய பேரு வேணாம் அத்தை. ஒருத்தங்க போதும். எந்த ஊரு, என்ன புள்ளன்னு தெரியணும்."

எனக்கு யாரையும் தெரியவில்லை. நாலு பேரிடம் கேட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதினேன். ரெஜினா படித்துப் பார்த்துவிட்டு, பெயரை மாற்ற வேண்டாம் என்றாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவளுக்கு முதல் கீமோ. அப்படி ஒருவர் நீங்களாக இருந்தாலும் உங்கள் வீட்டில் இருந்தாலும் கீழே இரண்டு வரி எழுதுங்கள். பெயர் வேண்டாம், ஊரும் பிள்ளையின் வயதும் போதும். புதன்கிழமைக்குள் பதில் வேண்டும்.