வீட்டுக்குள் வளர்ந்த கல்லூரி

கல்லூரி வேலையை உதறிவிட்டு வந்த கணவர், முன்கூடத்தில் கரும்பலகை மாட்டப்போகிறேன் என்றபோது அவள்தான் ஆணி எடுத்துக் கொடுத்தாள். பகலில் பிழைப்புக்குப் போகிறவர்களுக்கு ஒரு மாலைக் கல்லூரி நடத்தவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கூடம் ஒன்றே போதும் என்றார்.

கூடம் நிறைந்ததும் மாடியறை போயிற்று. சாப்பாட்டு அறை நூலகமாயிற்று. கணக்குப் பாடம் எடுத்த கொழுந்தன், “இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குவாங்கன்னு சொல்வாங்க அண்ணி. நாங்க பிடுங்கிட்டுத்தான் கேட்கவே செய்றோம்” என்று சிரிப்பார். அவளும் சிரிப்பாள்.

கடைசியாகப் போனது மகளுடைய அறை. பள்ளிவிட்டு வந்த பிள்ளை, தன் கட்டில் நடையில் நிற்பதையும் உள்ளே பெஞ்சுகள் கிடப்பதையும் பார்த்தாள். அன்று மாலையே வணிகவியல் வகுப்பு அங்கே தொடங்கிவிட்டது.

மாணவர்களுக்கு அவள் வீட்டம்மா. வேலை முடிந்து பசியோடு ஓடிவருகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுப்பாள். நாலு நாள் வராதவனை ஆள்விட்டு விசாரிப்பாள். சொந்த மகளோ வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்து, அங்கேயே வேலையும் தேடிக்கொண்டாள்.

கணவர் காலமானபின் பெரிய கல்லூரிகளும் மாலை வகுப்பு ஆரம்பித்தன. இங்கே சேர்க்கை தேய்ந்துகொண்டே வந்தது. இனி தாங்காது என்றார் கொழுந்தன். சேர்ந்த பிள்ளைகளை நட்டாற்றில் விடக்கூடாது என்று மட்டும் அவள் பிடிவாதமாக நின்றாள். அவர்கள் தேர்வெழுதி முடித்தபிறகே பலகையை இறக்கினார்கள்.

பெஞ்சுகள் போனபின் மகள் வந்தாள். அறையைக் கழுவி, கட்டிலைப் போட்டு வைத்திருந்தாள் தாய். மகள் நிலைவாசலைத் தாண்டவில்லை. சுவரில் பெஞ்சு உரசிய தழும்புகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உன்னைக் கேட்காமலே குடுத்துட்டோம்” என்றாள் தாய்.

“கேட்டிருந்தா குடுத்திருப்பேம்மா. கேட்கலைங்கறதுதான்.”

அப்பாதான் செய்தார் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். செத்தவர் தலையில் பழி போட அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

“கட்டிலை வெளிய இழுத்துப் போட்டது நான்தான்.”

“தெரியும்” என்றாள் மகள். பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

இரண்டு நாளுக்கென்று வந்தவள் வாரம் முழுக்க இருந்தாள். அந்தப் பேச்சு மறுபடி எழவில்லை. ஆறிவிட்டதா, அடங்கித்தான் கிடக்கிறதா என்று தாய்க்குத் தெரியவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது மகள் அறையைப் பூட்டிச் சாவியைத் தன்னோடு எடுத்துக்கொண்டாள். எதற்கென்று தாய் கேட்கவில்லை.