ஹேக்கர் வந்த பௌர்ணமி

எங்கள் இணையதளத்தை வெளிநாட்டு ஹேக்கர்கள் தாக்கிவிட்டார்கள் என்றுதான் முதலில் நம்பினேன். ஐம்பது வயதில் அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் வழி தவறியவர்களின் படங்களைத் தன்னார்வலர்கள் ஏற்றுவதற்காக நான் நடத்தும் தளம் அது. அன்று மாலை யார் திறந்தாலும் ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்றே வந்தது, எனக்கும்தான். வேங்கிக்கால் வீட்டில் உட்கார்ந்து சர்வரை மூன்று முறை அணைத்துப் போட்டேன். நான்காம் முறை கணினிக்குக் கற்பூரம் காட்டினேன்.

அப்போது கீழ்பென்னாத்தூரைச் சேர்ந்த ஒரு பெண் போன் செய்தார். மறதி நோயுள்ள அப்பாவைக் கூட்டத்தில் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

“ஹேக்கருங்க பூந்துட்டாங்கம்மா!” என்றேன்.

“காணாமப் போனவங்க போட்டோவ எவன் சார் திருடப் போறான்? நானும் சர்வர் வேலைதான் பாக்குறேன். பதறாம சர்வரோட லாக் ஃபைல்ல கடைசி வரியப் படிங்க.”

படித்தேன். ஒரே நேரத்தில் அனுமதிக்கும் இணைப்புகள் நிரம்பிவிட்டன என்றிருந்தது.

“அந்த லிமிட்ட ஜாஸ்தி பண்ணுங்க சார்.”

அப்பாவைத் தொலைத்தவர் அவர். ஆனாலும் நான் தப்பாகத் தட்டும்போதெல்லாம், “மெதுவா சார், மெதுவா” என்று அவர்தான் என்னைத் தேற்றினார்.

தளம் திறந்தது. அடுத்து ஏறிய படங்களில் ஏழாவதில், அடி அண்ணாமலை உதவி மையத்தில் அவருடைய அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். போனில் அந்தப் பெண் அழுதார். நானும்தான். நன்றி சொல்ல அன்று வாய் வரவில்லை, இங்கே சொல்கிறேன்.

ஹேக்கர் யாரும் வரவில்லை. சோதனைக்காக இணைப்பு வரம்பை ஐம்பது என்று வைத்தவன் நான். பக்கத்திலேயே ‘பௌர்ணமிக்கு முன் மாற்றவும்’ என்று எழுதி வைத்தவனும் நானே.