ஏறுமுகமாக நின்ற வேன்

வேனுக்கு அடியில் கியர் ஆயில் உள்ளங்கை அகலத்துக்குத் தேங்கிக் கிடந்தது. ஆரோக்கியசெல்வி குனிந்து விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். அதேதான். போன வாரம்தான் கியர்பெட்டியின் பின்பக்கத்துக்குப் புது சீல் போட்டிருந்தாள். புது சீல் எப்படி ஒழுகும்?

சேலத்தில் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொண்டவள் அவள். அதற்கென்று பயிற்சியும் எடுத்தவள். இப்போது மலைமேல் கொட்டச்சேட்டில் இந்தப் பழைய வேனை வைத்துக்கொண்டு, நோயாளிகளை மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறக்கி ஏற்றுகிறாள். சின்னச் சின்ன ரிப்பேரெல்லாம் அவளே.

மறுநாள் பக்கத்து வீட்டு மாதப்பனுக்கு டயாலிசிஸ். தவறினால் உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டும். பஸ்ஸில் உட்கார்ந்து போகும் தெம்பு அவருக்கு இல்லை. ஆயில் ஒழுகும் வண்டியில் குப்பனூர் மலைரோட்டு வளைவுகளை நம்பி இறங்கவும் முடியாது.

புண் எங்கே என்று பார்க்க முதலில் துடைக்க வேண்டும். சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, அடியில் படுத்து, கியர்பெட்டியை மண்ணெண்ணெய்த் துணியால் சுத்தமாகத் துடைத்தாள். காய்ந்ததும் உடம்புக்குப் போடும் பவுடரை அதன்மேல் தூவினாள். கொஞ்ச தூரம் ஓட்டிவந்து, அதே இடத்தில் நிறுத்தி, டார்ச் அடித்தாள்.

சீல் இருந்த இடம் வெள்ளையாகவே இருந்தது. பெட்டியின் உச்சியில் இருக்கும் காற்றுத் துளையிலிருந்துதான் பழுப்புக் கோடு ஒன்று இறங்கிப் பின்பக்கமாக ஓடியிருந்தது.

மேலேயிருந்தா? அளக்கும்போதெல்லாம் குறைவாகத்தானே இருந்தது? குறைந்த ஆயில் மேலே ஏறி வழியாதே. அப்படியென்றால் உள்ளே அதிகமாக அல்லவா இருக்கிறது?

வெளியே வந்து வேனைச் சுற்றி நடந்தாள். ஊரில் எல்லா வண்டியும் போல அதுவும் மேட்டைப் பார்த்து மூக்கைத் தூக்கி நின்றது. ஆயில் ஊற்றும் துளையோ பெட்டியின் முன்பக்கத்தில். சரிவில் ஆயிலெல்லாம் பின்னால் ஒதுங்கியிருக்கும். அளவு பார்க்கத் துளையில் விரலை விட்டால் தட்டுப்படாது. குறைந்துவிட்டது என்று அவளும் துளைவரை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

மட்டமான இடம் வேண்டும். அந்தத் தெருவில் மட்டமாக இருந்தது மாதப்பன் வீட்டில் காப்பிக்கொட்டை உலர்த்தும் களம் மட்டும்தான்.

"ஏனுங்க அக்கா, காப்பியைக் கொஞ்சம் ஒதுக்கித் தர்றீங்களா? வண்டி நிறுத்தோணும்," என்று மாதப்பனின் மனைவி சென்னம்மாளைக் கேட்டாள்.

"காயற காப்பியில ஆயிலைச் சிந்தறதுக்கா கண்ணு? வாங்கறவன் மோந்து பாத்துட்டு எம்மூஞ்சியிலயே கொட்டுவான்."

"சாக்கு விரிச்சுக்கறனுங்க. சாஞ்சு நிக்கறப்ப அளந்ததுதான் தப்பாப் போச்சு."

திண்ணைக் கட்டிலில் கிடந்த மாதப்பன் சிரித்தார். "வண்டியவும் நேராப் படுக்க வெச்சுத்தான் பாப்பியாக்கும்."

"உங்களுக்காகத்தானுங்க அண்ணா. இன்னைக்கு எத்தனை டம்ளர் தண்ணி குடிச்சீங்க?"

மாதப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சென்னம்மாள் முணுமுணுத்தபடியே காப்பியை மூலைக்குத் தள்ளினாள். வேனை மட்டமாக நிறுத்திச் செல்வி ஆயில் ஊற்றும் துளையின் திருகைக் கழற்றியதும், ஆயில் கனத்த தாரையாக வந்து அடியில் வைத்த பேசினில் விழுந்தது. நிற்கிற வழியாக இல்லை. சென்னம்மாளும் குந்தி எட்டிப் பார்த்தாள்.

"இத்தனையும் நீ ஊத்துனதா?"

"நானேதானுங்க."

"அப்ப அந்தப் புது சீலு?"

"பழசே நல்லாத்தான் இருந்திருக்கும்."

"ஆளுக்குத் தண்ணியக் கொறைன்னுட்டு, வண்டிக்கு நொம்ப ஊத்தியிருக்கறே."

ஒழுக்கு நின்றதும் செல்வி திருகை இறுக்கினாள். காற்றுத் துளையைச் சுற்றி அப்பியிருந்த அழுக்கை எடுத்து, மறுபடியும் பவுடர் தூவி, மஞ்சக்குட்டை ஊர் வரை போய்வந்தாள். பவுடர் வெள்ளையாகவே இருந்தது. ஆனாலும் நம்பவில்லை. சின்ன ஏற்ற இறக்கத்தில் தாங்கியது மலை இறக்கத்தில் தாங்குமா?

விடிந்ததும் மாதப்பனைப் பின்சீட்டில் சாய்த்துக்கொண்டு கிளம்பினாள். வளைவுக்கு வளைவு கியரைக் குறைத்து மெதுவாக இறக்கினாள். குப்பனூரில் ரோடு மட்டமானதும் ஓரம் கட்டி, டார்ச்சோடு அடியில் தலையை நீட்டினாள். ஒரு சொட்டு இல்லை.

"என்னையவிட அதைத்தான் நொம்பப் பாக்கறே," என்றார் மாதப்பன்.

"உங்களைப் பாக்க அங்க டாக்டர் இருக்காருங்க," என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சேலத்தைப் பார்த்து ஓட்டினாள்.