தகப்பன் பிறந்த நாட்டுக்காக

பாரிஸ் லாச்சப்பலில் கொத்துரொட்டி போடுகிற ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு பேஸ்போல் என்றால் பைத்தியம். மகள் சாம்பவி பந்து எறியத் தொடங்கிய நாளிலிருந்து பிடித்த பைத்தியம் அது. நாடுகள் மோதும் பெண்கள் போட்டி வருகிறதென்றால் கடை இருக்கிற ரூ காய் தெருவில் ஒருவரும் அவரிடமிருந்து தப்ப முடியாது. பேரே கேள்விப்படாத குட்டி நாடு பெரிய நாட்டைப் புரட்டி எடுக்குமாம், வேறெந்த விளையாட்டில் இது நடக்கும் என்று கேட்பார். குறையும் சொல்லுவார். நன்றாக எறிந்துகொண்டிருப்பவளை, ஒருத்தி இத்தனை பந்துதான் எறியலாம் என்ற கணக்கு முடிந்ததென்று வெளியே கூப்பிட்டுவிடுவார்கள். கறி கொதிக்கிற நேரத்தில் சட்டியை இறக்குகிற வேலை என்று சலித்துக்கொள்வார்.

தகப்பனோ பாட்டியோ பிறந்த நாட்டுக்காகவும் விளையாடலாம் என்ற விதி இருக்கிறதே, அதில் அவருக்கு உயிர். அது தன் வீட்டுக்குள்ளேயே வரும் என்று மனுசன் கனவிலும் நினைக்கவில்லை.

போன மாதம் சாம்பவி அவருடைய பிறப்புப் பத்திரத்தைக் கேட்டாள். பிரான்சில் எந்த விண்ணப்பத்துக்குத் தொசியே போட்டாலும் அதைத்தானே கேட்கிறார்கள். எதற்கென்று விசாரிக்காமலே மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தார். அரசாங்கக் கந்தோருக்குப் போகிற காகிதத்தை எங்கள் ஆட்கள் கேள்வி கேட்பதில்லை.

நேற்று மத்தியானம், கடை ஓய்ந்த நேரம், அவள் ஒரு நீலச் சட்டையைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். நெஞ்சில் வாளேந்திய சிங்கம். ஸ்ரீஸ்கந்தராசாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தொண்ணூற்றாறில் அவருடைய தமையன் கரிகாலனை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோன ஆமிச் சோதனைச் சாவடியில் பறந்த கொடியிலும் இதே சிங்கம்தான். அண்ணை இன்னும் வரவில்லை.

சாம்பவி பிரெஞ்சில் மெதுவாக விளக்கினாள். பிரான்ஸ் அணியில் அவளுக்கென்று இருந்த இடம், பாட்டி பிரெஞ்சுக்காரி என்று அமெரிக்காவிலிருந்து வந்த ஒருத்திக்குப் போய்விட்டது. அதே விதியின்படி இலங்கை அவளைக் கூப்பிட்டிருக்கிறது. வயது இருபத்தாறு. இதை விட்டால் அடுத்த போட்டிக்கு நான்கு வருடம். தகப்பன் அங்கே பிறந்தவர் என்று அவர் கையெழுத்து வைத்த படிவம் அன்றைக்கே போக வேண்டும்.

சிங்கத்தைப் பார்க்கப் பொறுக்காமல் அவர் சட்டையை மறுபக்கம் புரட்டினார். முதுகில் பெரிய எழுத்தில் அவருடைய பெயர் இருந்தது. இந்த நாட்டில் தகப்பன் பெயர்தான் பிள்ளைக்குக் குடும்பப் பெயர் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்தச் சிங்கத்துக்குப் பின்னால் தன் பெயரா என்று சட்டையைத் தள்ளிவைத்தார்.

"இந்தப் பேரை எடுக்கச் சொல்லு. பிறகு கையெழுத்து வைக்கிறன்," என்றார்.

"அது என்ரை பேரும்தான் அப்பா," என்றாள் சாம்பவி, தமிழில்.

அவர் பேனையை வாங்கினார். முப்பது வருடமாகப் போட்டுப் பழகிய கையெழுத்து பாதியில் நின்றது. மிச்சத்தை எழுதி முடிக்கும்வரை அவர் மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை.