கிணற்றுக்குள் பதிவு செய்த பாட்டு

நானும் என் சிநேகிதியும் சேர்ந்து செய்ததைப் பாட்டு என்று எங்கள் வீட்டில் யாரும் ஒத்துக்கொண்டதில்லை. தாளம் கிடையாது, வரிகள் கிடையாது. அடியில் ஒரு நீண்ட இரைச்சல், அதன்மேல் அவள் குரல், அவ்வளவுதான். 'டார்க் ஆம்பியன்ட்' என்று அதற்கு ஒரு பெயர் இருப்பதே எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

விருதுநகரில் கல்லூரியில் படிக்கும்போது பழக்கமானவள். மல்லாங்கிணறு பக்கம் விவசாயக் குடும்பம். எனக்குச் சிவகாசி. அப்பா ஆப்செட் அச்சகம் வைத்திருந்தார், பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற வேலை. ஒருநாள் அச்சகத்துக்கு வந்தவள், மெஷினை நிறுத்தியதும் அது முனகி முனகி அடங்குவதை நின்று கேட்டாள்.

"ஏட்டி, இதப் புடிச்சு வையேன்" என்றாள்.

செல்போனில் பிடித்தேன். கம்ப்யூட்டரில் வேகத்தைக் குறைத்தபோது ஏதோ பெரிய மிருகம் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. அதன்மேல் அவள் வாயை மூடிக்கொண்டு ஒரே சுருதியில் இழுத்தாள். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

பிறகு ஆலங்குளம் சிமென்ட் ஆலைக்கு வெளியே, விஸ்வநத்தம் சாலையோரத் தகரக் கொட்டகையில் என்று போன இடமெல்லாம் சத்தம் சேர்த்தோம். எல்லாவற்றிலும் நன்றாக வந்தது அவர்கள் தோட்டத்துக் கிணற்றுக்குள் செய்ததுதான். சித்திரை வெயிலில் வறண்டு கிடந்த கிணறு. படி இறங்கி, அடியில் நின்று பாடினாள். குரல் சுவரில் மோதி, இன்னொருத்தி பாடுவதுபோலத் திரும்பி வந்தது. மேலே அவள் அப்பா எட்டிப் பார்த்து, முனகல் கேட்குதே, உள்ளே யாருக்காவது மேலுக்கு முடியலையா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், முடியும்வரை சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்துவிட்டு நுங்கு வெட்டிக் கொடுத்தார்.

பெயரோ படமோ போடாமல் அதை இணையத்தில் ஏற்றினோம். பனி பெய்யும் ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒருவர் எழுதினார். மனைவி இறந்த பிறகு தினமும் சாயங்காலம் அதைத்தான் கேட்கிறாராம். உங்கள் ஊரிலும் இப்படிக் குளிரும் இருட்டுமா என்று கேட்டிருந்தார். இங்கே தரையில் கால் வைக்க முடியாத வெயில் என்று இவள் பதில் போட்டாள்.

படிப்பு முடிந்து அவளுக்குக் கல்யாணமானது, மஸ்கட்டுக்குப் போனாள். மாப்பிள்ளை நல்ல மனிதர். இவளுக்கென்று மைக்கே வாங்கிக் கொடுத்தார். முதல் வருஷம் அங்கிருந்து குரலை அனுப்புவாள், நான் இங்கே இரைச்சலோடு சேர்ப்பேன். பிள்ளை பிறந்ததும் அது குறைந்து, நின்றும் போனது.

ஒரு பொங்கலுக்கு ஊருக்கு வந்தாள். நான் ரெக்கார்டரோடு போய் நின்றேன். அந்த வருஷம் நல்ல மழை. கிணறு நிறைந்து கிடந்தது. அவள் அப்பாவுக்கு அம்புட்டுச் சந்தோஷம். பையன் கல்லைத் தூக்கிப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். சும்மா ஒரு தடவை பாடச் சொன்னேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஆரம்பித்தவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

"மூச்சு நிக்க மாட்டேங்குதுடி. நீ தனியாப் பண்ணு, நான் கேக்கேன்."

சரி என்றேன்.

இப்போது அச்சகத்தை நான்தான் பார்க்கிறேன். தீபாவளி சீசன் முடிந்து ஆர்டர் குறைந்த பிறகு உட்கார்ந்து தனியாக இரண்டு பதிவு செய்தேன். கேட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்குத்தான் ஒவ்வொரு இடத்திலும், இந்நேரம் அவள் குரல் வந்திருக்க வேண்டுமே என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

போன மாதம் அவளிடமிருந்து ஒரு பதிவு வந்தது. பாட நினைத்து மைக்கைப் போட்டிருக்கிறாள். தொண்டையைச் செருமுகிறாள். குக்கர் விசிலடிக்கிறது. பையன் கூப்பிடுகிறான். "இந்தா வர்றேன்ய்யா" என்று எழுந்து போகிறாள். அதற்கப்புறம் வெறும் அறை. அணைக்க மறந்திருக்கிறாள்.

எதனோடும் சேர்க்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். மத்தியானம் மெஷின் நிற்கும்போது ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கேட்கிறேன்.