உட்கார்ந்தபடி ஓடினேன்

நல்லம்பள்ளிக் கடைத்தெருவில் எனக்குப் பாத்திரக் கடை. காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுவேன். சர்க்கரை வந்தபோது டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். ரோட்டில் நடந்தால் தெரிந்தவர்களெல்லாம் வண்டியை நிறுத்தி, "என்னங்க, சுகரா?" என்று விசாரித்தார்கள். ஒரே வாரத்தில் விட்டுவிட்டேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஊருக்கு வந்தபோது டிவியில் ஒரு வீடியோ கேமை மாட்டிக் கொடுத்தான். தொடையில் ஒரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். அதற்குள் விரல் நீளத்தில் ஒரு கருவி. நின்ற இடத்திலேயே ஓடினால் டிவியில் ஒரு பொம்மை ஆள் நம்மோடு ஓடுவான். காடு, பாலம், மலை என்று கட்டம் கட்டமாகப் போகலாம். எனக்கும் என் மனைவிக்கும் தனித்தனியாகக் கணக்கு தொடங்கி வைத்துவிட்டு அவன் போனான்.

பத்து நாள் ஒழுங்காக ஓடினேன். பிறகு ஒரு நாள் மூச்சு வாங்கி சோபாவில் உட்கார்ந்து பட்டையைத் தளர்த்தும்போது, என் தொடை ஆடிய ஆட்டத்துக்கே பொம்மை ஆள் ஓடினான். கையால் தட்டிப் பார்த்தேன். இன்னும் வேகமாக ஓடினான். மறுநாளிலிருந்து டீயைக் குடித்துக்கொண்டே தொடையைத் தட்டினேன். சமையலறையில் இருந்த மனைவிக்கு டிவி கைதட்டும் சத்தம் மட்டும் கேட்கும். அவள் வரும் சத்தம் கேட்டால் எழுந்து நின்று, வியர்க்காத முகத்தைத் துண்டால் துடைத்துக்கொள்வேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அவள் பதினொரு மணிக்கு, நான் கடையில் இருக்கும்போது ஆடுவாள். உண்மையாகவே ஓடுவாள். டிவியில் என் கட்டமும் அவள் கட்டமும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும்.

"நீங்க எட்டாவதுக்குப் போயிட்டீங்க. நான் இன்னும் நாலுலயே கெடக்குறேன்" என்றாள் ஒரு நாள், சோறு போட்டுக்கொண்டே.

"விடாம பண்ணு, வந்துரும்" என்றேன்.

பொம்மிடியில் இருக்கும் தன் தங்கையிடம் போனில் பெருமையாகப் பேசுவாள். "உங்க மச்சான் தெனமும் முப்பது நிமிசம் ஓடறாருடி. வூடே அதிருது." பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

என்னை எட்டிப் பிடிக்க வேண்டும் என்று அவள் நேரத்தைக் கூட்டினாள். வலது முழங்கால் வீங்கியது. தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "உங்களுக்கு முட்டி வலிக்கலீங்களா?"

"மொதல்ல வலிச்சுது. பழகிடுச்சு."

அந்த ஒரு பதிலை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் போதும் என்று இப்போது தோன்றுகிறது. அவள் அதை நம்பி, வீங்கிய காலோடு இன்னும் ஆறு நாள் ஓடினாள். ஏழாம் நாள் அவளே கடைக்குப் போன் செய்தாள். கால் மடங்கி விழுந்து, எழ முடியாமல் தரையிலேயே கிடந்தாள்.

தர்மபுரியில் எலும்பு டாக்டரிடம் காட்டினோம். சவ்வு கிழிந்திருக்கிறது என்றார். "இந்த வீக்கத்தோட யாரும்மா உங்களை ஓடச் சொன்னது?"

"இவரு என்னைவிட ஜாஸ்தி ஓடறாருங்க. இவருக்கு ஒண்ணும் ஆவல. என் ஒடம்புதான் சரியில்ல போல."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். முதலில் என் முகத்தை, அப்புறம் என் தொப்பையை. மருந்துச்சீட்டை எழுதத் தொடங்கினார். அங்கேயே சொல்லியிருக்கலாம். ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது காரில்தான் சொன்னேன். உட்கார்ந்து தட்டியது, டீ குடித்தது, துண்டு, எல்லாவற்றையும். அவள் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப உங்க சுகரு கொறையவே இல்லீங்களா?" என்றாள் கடைசியில்.

"இல்ல."

"நான் தெனம் பாயசம், கேசரின்னு செஞ்சு குடுத்தனே. ஓடறீங்களேன்னுதான் குடுத்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மகனிடமோ தங்கையிடமோ அவள் இதுவரை சொல்லவில்லை. யாராவது கேட்டால், படியில் வழுக்கிவிட்டேன் என்கிறாள். எனக்காகப் பொய் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

என் பழைய கட்டங்களை அழித்துவிட்டு முதலிலிருந்து ஓடுகிறேன். ஆறு நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. அவளுக்கு வலி குறைந்திருக்கிறது, ஆனால் கால் முழுதாக மடங்காது. தரையில் நெற்றி வைத்துத் தொழுதவள் இப்போது நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறாள். ஒவ்வொரு வேளையும் அவளே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். நான் உதவிக்குப் போனால், "வேணாங்க, நானே போட்டுக்கிறேன்" என்கிறாள்.