இந்த வாய் யார் வீட்டு வாய்

எனக்கு வாய் அதிகம். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் காலடிப்பேட்டையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். தண்ணீர் லாரிக்காரர் என்னைக் கண்டதும் குழாயை என் குடத்துப் பக்கம் திருப்பிவிடுவார். மரியாதையெல்லாம் இல்லை, பயம்தான்.

என் கணவர் இதற்கு நேர் எதிர். தூத்துக்குடிப் பக்கமிருந்து பத்தொன்பது வயதில் சித்தப்பா கடைக்கு வேலைக்கு வந்து, பிறகு சொந்தமாக மளிகைக் கடை போட்டவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. பருப்பில் கல் இருக்கிறதென்று ஒரு அம்மாள் ஒருநாள் பொட்டலத்தைக் கல்லா மேலேயே விட்டெறிந்தாள். பருப்பு நாலாபக்கமும் சிதறியது. "சரிக்கா, மாத்தித் தாரேன்" என்றார், அவ்வளவுதான். அவர்கள் கடை வழக்கப்படி, ஒரு சாமான் தீர்ந்துபோனால்கூட 'இல்லை' என்ற சொல் வாயில் வராது. "நாளைக்கு வந்துரும்" என்பார்கள். எத்தனையோ பொருள் அந்தக் கடையில் வருடக்கணக்காக நாளைக்கு வந்துகொண்டிருக்கிறது.

எங்களுக்கு ஒரே மகள். பன்னிரண்டு வயதுவரை அவள் அப்பா மாதிரிதான். இருக்கிற இடம் தெரியாது. பதிமூன்றில் வாயைத் திறந்தாள், பதினைந்து ஆகியும் மூடவில்லை. ஆட்டோக்காரர் முதல் கோயில் பிரசாதம் கொடுப்பவர்வரை எல்லோரையும் கேள்வி கேட்டாள். என்னையும்தான். அவள் கேட்கிற கேள்விக்கு நான் பதில் யோசிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். என்னிடம் சண்டை போட்டவர்கள் பட்ட பாடு எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ராயபுரத்தில் மொத்த வியாபாரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் ஞாயிற்றுக்கிழமை வருவார். வந்து காப்பியைக் கையில் வாங்கும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"எங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் இந்த வாய் கெடையாது. ரத்தம்னு ஒண்ணு இருக்குல்லா."

என் ரத்தத்தைத்தான் சொல்கிறார் என்று தெரியும். எனக்குச் சுருக்கென்றது. நான் பிறந்து வளர்ந்தது கொருக்குப்பேட்டை. வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். கூட்ஸ் வண்டி கிளம்பினால் நாற்பது ஐம்பது பெட்டி போகும். அது போய் முடியட்டும் என்று பேச்சை நிறுத்தி வைத்தால் சோறு ஆறிவிடும். அதனால் எல்லோரும் கத்தியே பேசினோம். வண்டி போனபின் குரலை இறக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இதில் ரத்தம் எங்கே வந்தது?

"ரத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல அண்ணி. வளந்த எடம் அப்பிடி. கூட்ஸ் வண்டிங்க பண்ண வேலை" என்றேன்.

"அப்பம் இவ எந்த கூட்ஸ் வண்டி பக்கத்துல வளந்தா?"

புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் மகள் சொன்னாள்: "எங்கம்மா பக்கத்துல, அத்தே."

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த விஷயம்தான் கடைசியில் அவள் படிப்பிலேயே கை வைத்தது. பத்தாம் வகுப்பில் மரபியல் பாடம் நடந்திருக்கிறது. பட்டாணிச் செடி, உயரம், குட்டை என்று சொல்லிக்கொண்டு வந்த அறிவியல் டீச்சர், யாரோ பேசியதற்காகப் பென்சிலை வீசி எறிந்து கத்தியிருக்கிறார். உடனே என் மகள் எழுந்து நின்றிருக்கிறாள்.

"மிஸ், உங்களுக்கு இந்தக் கோவம் அம்மாகிட்டேர்ந்து வந்துதா, அப்பாகிட்டேர்ந்து வந்துதா?"

சத்தியமாகச் சந்தேகம்தான் கேட்டேன் என்று இன்றுவரை சாதிக்கிறாள். டீச்சர் அழுதுகொண்டே தலைமை ஆசிரியையிடம் போய்விட்டார். அப்போது தேர்வு நேரம் என்பதால் விட்டுவிட்டார்கள். மதிப்பெண் நன்றாகவே வந்தது. பதினொன்றாம் வகுப்பில் பயாலஜி குரூப் கேட்டு விண்ணப்பம் கொடுத்தபோது, தலைமை ஆசிரியை அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டார். அப்பா அம்மா இரண்டு பேரும் திங்கட்கிழமை வந்து பேச வேண்டும். அதன் பிறகுதான் சீட்டு உண்டா இல்லையா என்று தெரியும்.

மாட்டு டாக்டர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. எங்கள் தெருவில் இருக்கிற நாய் பூனை ஒன்றுவிடாமல் அவளிடம் வைத்தியம் பார்த்திருக்கின்றன. பயாலஜி இல்லாவிட்டால் எல்லாம் போச்சு. வேறு பள்ளி என்றால் எண்ணூர் பக்கம்தான், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சைக்கிளில் போக வேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த அமைதியில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

"நான் வர்ல" என்றேன் கணவரிடம். "நான் வந்தா காரியம் கெட்டுப்பூடும். நீங்க மட்டும் போய்ட்டு வாங்க."

"ரெண்டு பேரும் வரணும்னுட்டாங்கல்லா. இரு" என்று சொல்லிவிட்டு, அவர் கல்லாவுக்குக் கீழே குனிந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தார். உள்ளே பனங்கற்கண்டு. நல்ல பெரிய கட்டிகள்.

"வாய்ல ஒதுக்கிக்க. கரையுத வரைக்கும் பேசக் கூடாது. சித்தப்பா கடைல எனக்குக் கோவம் வரும்போதுல்லாம் இதத்தான் தருவாவ."

"உங்களுக்குக் கோவம் வருமா?"

"வராம?" என்றார்.

பதினெட்டு வருடக் கல்யாண வாழ்க்கை கண்முன்னால் ஓடியது. நான் சண்டையை ஆரம்பித்தவுடன் இவர் விறுவிறுவென்று கடைக்குள் போவார். திரும்பி வரும்போது ஒரு பக்கக் கன்னம் உப்பியிருக்கும். தொண்டைக்கு என்பார். நானும் பாவம், சளி பிடித்த மனுஷன் என்று சண்டையைப் பாதியில் விட்டிருக்கிறேன். தங்கமான குணம், குடும்ப ரத்தம் என்று நாத்தனார் கொண்டாடியதெல்லாம் இந்த டப்பாவா? பதினெட்டு வருடம் நான் பனங்கற்கண்டோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் டப்பாவைத் தூக்கி எறிந்திருப்பேன். மகள் படிப்பு என்பதால் ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஆளுக்கு இரண்டு கட்டி கணக்கு. பள்ளியில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பயத்தில் மகள் முதல் கட்டியைக் கடித்தே தின்றுவிட்டாள். என் இரண்டும் கரைந்துபோயின. கணவரும் ஒன்றை முடித்திருந்தார். உள்ளே கூப்பிட்ட நேரத்தில் அவர் என்னைப் பார்த்தார், பிறகு சட்டைப் பையில் மிச்சமிருந்த தன் கட்டியை எடுத்து என் கையில் வைத்தார். நான் வாயில் போட்டுக்கொண்டேன். மகளும் தன் கடைசிக் கட்டியைப் போட்டுக்கொண்டாள்.

தலைமை ஆசிரியை முதலில் நன்றாகத்தான் பேசினார். மகள் மதிப்பெண்ணைப் பாராட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க எந்த ஊரும்மா?" என்று கேட்டார். நான் கற்கண்டோடு உட்கார்ந்திருந்தேன். மகள்தான் கன்னத்தில் கட்டியோடு "கொருக்குப்பேட்டை, மிஸ்" என்றாள்.

"அதான பார்த்தேன். அந்தப் பக்கத்துப் பேச்சு அப்படித்தான் இருக்கும். ரத்தத்துலயே ஊறினது, நாம என்ன சொல்லிக் கொடுத்தாலும் மாறாது."

என் காது சூடாகிவிட்டது. கற்கண்டைப் பல்லால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் பக்கத்தில் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது.

"இன்னா மேடம், ரத்தம் கித்தம்னு பேசிக்கினு கீறீங்க? எங்க வூட்டம்மா பேச்சுல இன்னா கொறையக் கண்டீங்க? நாயத்த கேட்டா கொருக்குப்பேட்டையா? அப்ப நானும் கொருக்குப்பேட்டதான், எழுதிக்கோங்க."

பேசியது என் கணவர். தூத்துக்குடி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அப்படியே எங்கள் தண்டவாளத்தோரப் பேச்சு, ஒரு எழுத்துப் பிசகாமல். பதினெட்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது எல்லாம் உள்ளே சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. வெளியே வராந்தாவில் போன பிள்ளைகள் நின்று எட்டிப் பார்த்தார்கள். சீட்டு போச்சு என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கல்யாணத்தன்றுகூட அந்த மனிதர் எனக்கு அவ்வளவு அழகாகத் தெரியவில்லை.

தலைமை ஆசிரியையின் முகம் சிவந்துவிட்டது. விண்ணப்பத்தை எடுத்துத் தள்ளி வைக்கக் கை போனது. அந்த நேரத்தில் என் மகள் எழுந்தாள். கட்டியைக் கன்னத்தின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள்.

"சாரி மிஸ். சயின்ஸ் மிஸ்கிட்ட நான் அப்படிக் கேட்டது தப்பு. அவங்ககிட்டயும் போய் சாரி சொல்றேன். எங்க நைனா பேசுனதையும் மனசுல வெச்சுக்காதீங்க. அவருக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி."

தலைமை ஆசிரியை அவளைப் பார்த்தார், இன்னும் நின்றுகொண்டிருந்த கணவரைப் பார்த்தார், வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். விண்ணப்பத்தை என்னிடம்தான் நீட்டினார்.

"பொண்ணுக்கு இந்த நிதானம் உங்ககிட்டேர்ந்துதான் வந்திருக்கும்மா. நானும் கொஞ்சம் அவசரப்பட்டுப் பேசிட்டேன். அடுத்த தடவை கூப்பிட்டா நீங்க மட்டும் வாங்க, சாரைக் கூட்டிட்டு வராதீங்க."

பதில் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. கற்கண்டும் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

கேட்டைத் தாண்டியதும் மகள் விண்ணப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் ஓடினாள். கணவர் தலையைக் குனிந்தபடி நடந்தார். காதெல்லாம் சிவந்திருந்தது.

"ரொம்பப் பேசிட்டேனோ?" என்றார், பழையபடி தூத்துக்குடிக் குரலில்.

நான் மிச்சக் கற்கண்டைக் கடித்து விழுங்கினேன்.

"யோவ், நல்லாத்தான் பேசுன. ஆனா அந்த டப்பாவ இனிமே நான் பாக்கக் கூடாது. எங்கிட்ட சண்ட போட்டா வெறும் வாயோட போடு. உள்ள இன்னும் கோவம் கீதா, இல்ல இன்னிக்கோட தீந்துபோச்சா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். கடையில் வாடிக்கையாளரிடம் சொல்கிற அதே பணிவோடு சொன்னார்.

"நாளைக்கு வந்துரும்."